கண்ணுக்குள் அட்டை ஒட்டிய ஜன்னல்

அவளுக்குப் பல்பக்கா என்ற பெயரை வைத்தது பிரேம் கடைக்காரர். இறந்துபோனவர்களின் புகைப்படத்தைப் பெரிய ஓவியமாக மாற்றி, கேன்வாஸில் அச்சடித்து, சட்டம் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அந்த ஓவியங்களைக் கணினியில் வரைவது அவள் தொழில். "போன முகத்துல பல்பு எரிய வைக்கிற ஆளு" என்று ஒரு வாடிக்கையாளரிடம் அவளை அறிமுகப்படுத்தினார். துக்கத்தோடு வந்தவர் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவளும் அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. முகங்களைத் தூக்கி நிறுத்துவதே வேலையாக இருப்பவளுக்குத் தன் முகத்தைப் பற்றி யோசிக்க நேரம் ஏது?

வேலை எல்லாம் வீட்டிலேயேதான். மூன்றாவது மாடியில் ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல் மூலை. தெருவைப் பார்த்த ஒரே ஜன்னல். அதற்குப் பக்கவாட்டில் மேசை, மேசைமேல் திரை, திரைக்கு முன்னால் கணினியோடு இணைத்த, மூலை தேய்ந்துபோன வரைபலகை. ஜன்னலில் நாலு கண்ணாடி உண்டு. உண்டு என்றால் மூன்றுதான் கண்ணாடி. தெருவிலிருந்து பார்த்தால் வலது பக்கம் கீழே இருக்கும் நாலாவது, ஒரு காற்றில் கதவு அடித்துச் சிதறிப் போனது. வரைபலகை வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அங்கே ஒட்டினாள், தற்காலிகமாக. "அடுத்த மாசம் போட்டுடலாம்மா" என்றார் வீட்டுக்காரர். அந்த அடுத்த மாதம் வருவதற்குள் ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

அவள் வரைகிற முறையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் கிளம்பியது. முகத்தை முதலில் மங்கலாக வரைவாள். சாம்பலும் பழுப்புமாக, மழைநாள் மத்தியானம் போல இருக்கும். அதன்மேல் நிழலுக்கு ஒரு லேயர். லேயர் என்பது கண்ணாடித் தாள் மாதிரி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம், வேண்டாவிட்டால் அணைத்து வைக்கலாம். வெளிச்சம் வேண்டுமென்றால் முதலில் சுற்றிலும் இருட்டாக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் வெள்ளையை அப்புவார்கள். முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். அவள் இருட்டாக்கிவிட்டு, கீழே உள்ள நிறத்தோடு வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிற லேயர் ஒன்றைப் போட்டு, மிருதுவான பெரிய பிரஷ்ஷால் இளம் ஆரஞ்சைத் தொட்டும் தொடாமலும் தடவுவாள். கன்னம், மூக்கின் மேடு, கீழ் உதடு. அதையே நகலெடுத்து மங்கலாக்கி அடியில் வைத்தால் தோலுக்குள்ளிருந்து வெளிச்சம் கசிகிற மாதிரி ஆகிவிடும். இவ்வளவு செய்தும் படம் பிணமாகவேதான் இருக்கும்.

கடைசி லேயருக்கு அவள் வைத்திருந்த பெயர் 'உயிர்'. அதில் இருப்பது இரண்டே இரண்டு அழுத்தல். இடது கண்ணில் ஒன்று, வலது கண்ணில் ஒன்று. கருவிழியின் மேல் விழுகிற அந்தப் பளிச்சென்ற ஒளித்துண்டு வந்த மாத்திரத்தில் முகம் திரும்பிப் பார்க்கும். பார்க்கும் என்றால் நிஜமாகவே பார்க்கும். முதல் இரண்டு வருடம் அவளே ஒவ்வொரு முறையும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறாள். கடைக்காரர் போன் பண்ணினால் வேறு எதையும் கேட்க மாட்டார். "உயிர் போட்டாச்சா?" என்பார். "போட்டாச்சு" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

அந்த ஒளித்துண்டை அவள் கையால் வரைவதில்லை. அதற்கு ஒரு அச்சு வைத்திருந்தாள். அம்மா படுத்த படுக்கையாக இந்த அறையில் கிடந்தபோது, கண்ணில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, போனைக் கிட்டத்தில் கொண்டுபோய் அம்மாவின் கண்ணைப் படம் பிடித்தாள். "என்னடி இது, கண்ணுக்குள்ளயே வந்து உட்கார்ந்துடுவ போல" என்றாள் அம்மா. பதினோராவது நாள் அம்மா போய்விட்டாள். அந்தப் படத்தில் அம்மாவின் கருவிழியில் விழுந்திருந்த ஜன்னலை மட்டும் வெட்டி எடுத்து, அதையே முத்திரை போல் பதியும் பிரஷ் முனையாகச் செய்துகொண்டாள். மூன்று கட்டம் வெளிச்சம், ஒரு கட்டம் இருட்டு. வெளிச்சத்தின் அடியில் சின்னதாக ஒரு கருப்பு வெட்டு. ஒன்பது வருடமாக அவள் வரைந்த ஒவ்வொரு முகத்தின் கண்ணிலும் அழுத்தியது அந்த அச்சைத்தான்.

அந்தக் கருப்பு வெட்டு என்ன என்று அவள் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. வெளிச்சத்தைக் கிட்டப் போய்ப் பார்க்கக் கூடாது என்பது அவள் வைத்திருந்த இன்னொரு சட்டம். உயிர் போடும்போது படத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, கண்ணை இடுக்கி, தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்த்துத்தான் அழுத்துவாள். வெளிச்சம் சரியாக விழுந்ததா என்று தெரிய அதுதான் வழி. நல்ல பழக்கம்தான். அந்த நல்ல பழக்கம்தான் அவளை மாட்டிவிட்டது.

ஒரு நாள் கடைக்காரர் ஒரு புகைப்படம் அனுப்பினார். ஐம்பதை நெருங்குகிற ஒரு ஆள், லிஃப்ட் மெக்கானிக்காம். கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் களைப்பு. "முகம் மட்டும் கதவு அகலத்துக்கு வேணுமாம். அக்காக்காரி வந்து அழுதுட்டுப் போனாங்க" என்றார். இவ்வளவு பெரிய முகம் அவள் வரைந்ததே இல்லை. படத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று தெரிந்துவிட்டது: அந்த ஆள் தானே கையை நீட்டி எடுத்துக்கொண்ட படம் அது. ஒரு பக்கத் தோள் மேலே ஏறியிருந்தது, மூக்கு லேசாகப் பெருத்திருந்தது. வழக்கம்போலத் தோளைக் கீழே இறக்கினாள், மூக்கை மெலிதாக்கினாள். யாரோ எதிரே நின்று ஆசையாக எடுத்த படம் மாதிரி ஆகிவிட்டது. பிறகு சுருக்கி, தள்ளி உட்கார்ந்து, உயிர் போட்டு அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து, மத்தியானம் மூன்று மணி வாக்கில், எதிர் நடைபாதையில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தாள். அறுபது வயதுக்குள்தான் இருக்கும். கையில் போன். போனைப் பார்த்தாள், நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். யாருக்காகவோ காத்திருக்கிறாள் போலும் என்று பல்பக்கா வேலையைத் தொடர்ந்தாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த முகம் மேலே தூக்கியபடியே இருந்தது.

மறுநாளும் மூன்று மணிக்கு வந்தாள். இந்த முறை ஜன்னலைப் பார்த்து விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதுக்கு விரல் நின்றுவிட்டது. பல்பக்கா சட்டென்று எழுந்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டாள். அடுத்த நொடியே, வெளிச்சமில்லாத அறையில், திரையில் பாதி வரைந்திருந்த ஒரு கிழவரின் முகம் தன்னையே பார்ப்பதைக் கண்டு சீலையை மறுபடி விலக்கினாள். பயந்தாங்கொள்ளி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தெருவில் யாரும் இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்தபோது கதவு தட்டப்பட்டது.

"இந்த வீட்டுல எவ்வளவு நாளா இருக்கீங்க?" வாசலில் நின்றவள் எடுத்த எடுப்பில் கேட்டது இதைத்தான். மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"பதினொரு வருஷமா. நீங்க யாரு?"

"தனியாவா?"

"தனியாதான். என்ன வேணும் உங்களுக்கு?"

வந்தவள் பல்பக்காவைத் தாண்டி ஜன்னலையே பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் கூப்பிடாமலேயே உள்ளே வந்து, நாலாவது கட்டத்து அட்டையை விரலால் தொட்டாள். "இதேதான்" என்றாள். பிறகு திரும்பி, பல்பக்காவை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "என் தம்பியை உங்களுக்குத் தெரியும்."

அது கேள்வி இல்லை. அந்த அம்மாள் போனை நீட்டினாள். அதில் ஒரு கண். ஒரே ஒரு கண், பெரிதாக. கருவிழிமேல் ஒரு ஜன்னல். மூன்று கட்டம் வெளிச்சம், வலது கீழே இருட்டு. ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெண். சரிந்த கொண்டை, ஒடுங்கிய தோள், வெளியே தூக்கி நின்ற ஒரு முழங்கை.

தன் முழங்கையை அவளுக்குத் தெரியாதா? சின்ன வயதில் முறிந்து கோணலாகக் கூடிய எலும்பு. முன்பின் பார்த்திராத ஒரு ஆள், செத்துப்போன ஒரு ஆள், இந்த அறையில், இதோ இந்த இடத்தில் உட்கார்ந்து தன்னைப் பார்த்திருக்கிறான்! எப்போது? கதவு பூட்டியிருந்தபோதா? ஒரு கணம் முழுசாக அதை நம்பினாள். அறையில் எங்கேயோ அவன் இன்னும் இருக்கிறான் என்றுகூடத் தோன்றி, சமையல் மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க" என்றாள் வந்தவள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் சண்டை போட வரலை. ஆறு வருஷமா அவன்கூடப் பேசலை நான். ஒன்னுமில்லாத விஷயத்துக்கு வீம்பு. இந்த ஊர்லதான் எங்கேயோ ஒரு ரூம்ல இருந்தான். போய் ரெண்டு நாள் கழிச்சுத்தான் கதவை உடைச்சாங்களாம். ரெண்டு நாள்." இரண்டு விரலைக் காட்டினாள். "அவன் போன்ல கடைசியா இருந்த போட்டோதான் அது. படம் வீட்டுக்கு வந்ததும் பக்கத்துல நின்னு பார்த்தேன். கண்ணுக்குள்ள ஆள் தெரியுது. யாரோ ஒருத்தி எதிர்ல நின்னு அவனைப் படம் எடுத்திருக்கா. அவனுக்குன்னு ஒருத்தி இருந்திருக்கா. அன்னிலேருந்து தெருத்தெருவா ஜன்னலைப் பார்த்துட்டே நடந்தேன்."

பல்பக்கா போனிலிருந்த கண்ணை மறுபடி பார்த்தாள்.

"நீங்க அவனுக்கு என்ன உறவுன்னு கேட்கவே மாட்டேன். எதுவா இருந்தாலும் சரி. அன்னிக்கு அவன் எப்படி இருந்தான்? சாப்பிட்டானா? என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா? அதை மட்டும் சொல்லிடுங்கம்மா. நான் போயிடுறேன்."

அதற்குள் பல்பக்காவுக்குத் தெளிந்துவிட்டது. அது அம்மாவின் கண். அந்தக் கருப்பு வெட்டு, போனைத் தூக்கிப் பிடித்தபடி அம்மாவின் எதிரே நின்ற அவளேதான். சின்னப் படங்களில் அது புள்ளியாகவே இருந்து ஏமாற்றியிருக்கிறது. கதவு அகலத்து முகத்தில் ஆளாக எழுந்து நின்றுவிட்டது. பயம் போய் வேறு ஒரு கஷ்டம் வந்து உட்கார்ந்தது. 'சாப்பிட்டார், சிரிச்சார், உங்களைத்தான் சொல்லிட்டே இருந்தார்.' மூன்றே வாக்கியம். சொன்னால் இந்த அம்மாள் இன்று ராத்திரி தூங்குவாள். ஒன்பது வருடமாக அவள் செய்துவந்ததும் இதுதானே? இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகக் காட்டுவதுதானே? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கேட்பவளின் கண்ணைப் பார்த்தபோது சொல்ல முடியவில்லை. படத்தில் பொய் சொல்வது அவளுக்குப் பழக்கம், வாயால் பழக்கமில்லை.

"அக்கா," என்றாள், "அந்தப் படத்தை வரைஞ்சதே நான்தான்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். படத்தைத் திறந்தாள். திரை முழுக்க அந்த முகம் வெளிச்சமாக வந்து நின்றது. "இப்போ ஒவ்வொன்னா அணைக்கிறேன். பார்க்க முடியாட்டி சொல்லிடுங்க."

உயிரை அணைத்தாள். தம்பியின் பார்வை சட்டென்று போயிற்று. கண் இருந்தது, பார்ப்பவர் இல்லை. அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கசிகிற வெளிச்சத்தை அணைத்தாள், தோல் களிமண்ணாயிற்று. ஆரஞ்சை அணைத்தாள். உதடு சாம்பல் ஆயிற்று. பட்டப்பகலில், ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒரு மனிதர் இரண்டாம் முறையாகப் போய்க்கொண்டிருந்தார். இப்படி ஒருவர் எதிரே அணைத்துக் காட்டியதில்லை அவள்.

"கண்ணுல இருக்குறது எங்க அம்மா கண்ணு. அவங்களை எடுத்தப்போ நான் எதிர்ல நின்னேன். அதைத்தான் எல்லாருக்கும் போடுறேன். உங்க தம்பியை நான் பார்த்ததே இல்லைக்கா. மன்னிச்சுடுங்க."

அக்கா சாம்பலான அந்த முகத்தைத் திரையில் விரலால் தொட்டாள். பிறகு, "சரி. கண்ணு நீங்க போட்டது. போட்டோ எடுத்தது யாரு?" என்றாள்.

இதுதான் வரக்கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டிருந்த கேள்வி. அடியில் கிடந்த மூலப் புகைப்படத்தைத் திறந்தாள். இறக்கப்படாத தோள். படத்தின் ஓரத்துக்கு வெளியே போகிற கை. தன் சட்டத்தையே மீறி, கண்ணுக்குள் கிட்டப் போனாள். பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். ஒரு மங்கல் வெள்ளை. அதன் நடுவில் போனின் கட்டம், அதைப் பிடித்த அவன் கை. அவ்வளவுதான். அறையின் மற்ற இடமெல்லாம் காலி.

"அவரே எடுத்துக்கிட்டது" என்றாள்.

"கையை நீட்டி."

"ஆமாக்கா."

"சின்ன வயசுல போட்டோ எடுத்தா கண்ணை மூடிடுவான். நான்தான் பக்கத்துல நின்னு ஒன்னு, ரெண்டு, மூணு சொல்லணும்." அக்கா அழவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை. "இதுல கண்ணைத் திறந்துதான் வெச்சிருக்கான். தானே எண்ணிக்கிட்டான் போல."

பல்பக்கா புகைப்படத்தை மூடினாள். "வேற படம் வரைஞ்சு தர்றேன். கண்ணுல வெறும் வெள்ளைப் புள்ளி போட்டுத் தர்றேன். இதைக் கடையில திருப்பிக் கொடுத்துடுங்க."

"வேண்டாம்."

"தெரியாம செஞ்சுட்டேன்க்கா. ஊர் பேர் தெரியாத ஒருத்தி அவர் கண்ணுல நிக்கலாமா?"

"உங்க அம்மா உங்களைப் பார்த்த பார்வைதானே அது?"

"ஆமா."

"அப்போ அணைச்சதையெல்லாம் திரும்பப் போடுங்க." குரல் கட்டளை மாதிரி இருந்தது. "அந்த ரூம்லதான் யாரும் இல்ல. அவன் கண்ணுலயாவது ஒரு ஆள் இருக்கட்டும். நீங்களே இருங்க."

ஒவ்வொன்றாகப் போட்டாள். ஆரஞ்சு, கசிவு, கடைசியில் உயிர். தம்பி திரும்பிப் பார்த்தான். அக்காவை அல்ல, எந்தப் பக்கம் நின்றாலும் அவன் பார்த்தது பல்பக்காவைத்தான். இரண்டு பேருக்குமே அது தெரிந்தது. அக்கா எழுந்து செருப்பை மாட்டினாள். இரண்டு படி இறங்கியவள் நின்று, "அந்த அட்டையை மட்டும் எடுத்துடாதீங்கம்மா" என்றாள்.

அதன் பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை. இந்த ஊரில் எத்தனை சுவர், எத்தனை முகம்! பேர் தெரியாத வாத்தியார்கள், டிரைவர்கள், குழந்தை பெற்ற கையோடு போய்விட்ட பெண்கள், எல்லாரும் அவரவர் கூடத்தில் மாட்டிக்கொண்டு, இந்த அறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே காலிச் சுவர்தான். ஆனால் முழங்கை தானாகத் தூக்கிக்கொண்டது. புதிதாக ஒரு அச்சு செய்து பார்த்தாள், நாலு கட்டமும் வெளிச்சமாக, ஆள் இல்லாமல். பளபளவென்று இருந்தது. எந்த முகமும் அதை வாங்கிக்கொள்ளவில்லை. கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, உயிரே இல்லையே?" என்று கேட்டார். பழைய அச்சுக்கே திரும்பினாள்.

அடுத்த வாரம், சொல்லி வைத்தாற்போல, வீட்டுக்காரரின் அடுத்த மாதம் வந்துவிட்டது. கண்ணாடி வேலைக்காரர் அளவாக வெட்டிய கண்ணாடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்து நின்றார்.

"வேண்டாம்ப்பா. அட்டையே இருக்கட்டும்."

"ஒன்பது வருஷமா நீங்க கேட்டதாத்தானே சொன்னாரு?"

"கேட்டேன். இப்போ வேண்டாம்."

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். அவள் எடுக்கப் போனபோது அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரே ஒரு நாற்காலி. மூன்று மணி வெயில் மூன்று கட்டமாகத் தரையில் விழுந்திருந்தது.

"தனியாவாக்கா இருக்கீங்க?"

அவள் செம்பும் கையுமாக ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். "இல்லப்பா" என்றாள்.

அவர் காலி அறையை இன்னொரு முறை பார்த்தார். தண்ணீரை வாங்கிக்கொள்ளாமலே கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.